அயர்லாந்தின் பழைய இறப்புப் பதிவுகள்: ராஸ்காமனில் ஒரு மேரி கெல்லியைத் தேடுதல்

கேள்வி (பிப்ரவரி 2)

என் கணவர் அயர்லாந்துக்காரர். அவருடைய கொள்ளுப்பாட்டியின் தாயார் ராஸ்காமன் கவுண்டியின் தெற்கு ஓரத்தில் வாழ்ந்து, 1880களில் விதவையாக இறந்தார் என்று என் மாமியார் சொல்கிறார். பெயர் மேரி கெல்லி. கெல்லி என்பது கணவர் வழிப் பெயர். அவருடைய மகன்களில் ஒருவர் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டார் என்பதும் வீட்டில் தெரியும். அரசு இணையதளத்தில் ராஸ்காமன் பதிவு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடினேன். பொருந்தக்கூடியவர் ஒருவரும் இல்லை. 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது இறப்புப் பதிவுகளும் எரிந்துவிட்டன, இனித் தேடிப் பயனில்லை என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

பிப்ரவரி 2, இரவு

உண்மையில்லை. இந்த ஒரு பேச்சை நம்பி எத்தனையோ குடும்பங்கள் தேடலைத் தொடங்காமலே விட்டுவிட்டன என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் அழிந்தது. அதில் 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் ஏறத்தாழ முழுவதும் போயின. அயர்லாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் பிரிவின், அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்த பங்குப் பதிவேடுகளும் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் வட்டாரம்) மூல உயில்களும் போயின. அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. 1864 ஜனவரி 1 முதல் அயர்லாந்து முழுவதும் இறப்புகள் பதிவு செய்யப்பட்டு வந்திருக்கின்றன, அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. 1880களில் இறந்தவர் பதிவில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பிப்ரவரி 3

நீங்கள் தேடிய மாவட்டத்தைப் பற்றி இன்று யோசித்தேன். ராஸ்காமனின் தெற்கு ஓரம் என்றால் சக் ஆற்றுக்கு அருகிலா? அப்படியானால் பாலினஸ்லோ பதிவு மாவட்டத்தில் தேடிப் பாருங்கள். ஷானன் ஆற்றுப் பக்கம் என்றால் அத்லோன் மாவட்டம்.

காரணம் இதுதான். அயர்லாந்தில் இறப்புப் பதிவு கவுண்டி எல்லைகளைப் பின்பற்றவில்லை. 1864இல் பதிவு முறையைத் தொடங்கியபோது, பூவர் லா யூனியன் எனப்பட்ட ஏழையர் நிவாரண ஒன்றியங்களையே பதிவு மாவட்டங்களாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஒன்றியமும் ஒரு சந்தை நகரத்தையும் அதன் ஒர்க்ஹவுஸையும், அதாவது வறியவர்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதியையும், நடுவாகக் கொண்டு, சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்த்து வகுக்கப்பட்டது. அந்தச் சுற்றுவட்டாரம் ஆற்றைத் தாண்டினால் ஒன்றியமும் தாண்டியது. பாலினஸ்லோ நகரம் கால்வே கவுண்டியில் இருந்தாலும் அதன் ஒன்றியம் ராஸ்காமனுக்குள் நீண்டது. அத்லோன் ஒன்றியம் வெஸ்ட்மீத், ராஸ்காமன் இரண்டிலும் பரவியிருந்தது. ஆகவே ராஸ்காமனில் வாழ்ந்து, ராஸ்காமனிலேயே இறந்த ஒருவருடைய பதிவு கால்வேயின் நகரப் பெயரில் கிடப்பது அங்கே இயல்பான ஒன்று.

ஒன்றியத்துக்குள் சிறு சிறு மருந்தக வட்டங்கள் இருந்தன. அந்த வட்டத்து மருத்துவரே பெரும்பாலும் பதிவாளராகவும் இருந்தார்.

பிப்ரவரி 3, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதை ஊகத்தில் விட வேண்டாம். குடும்பம் வாழ்ந்த டவுன்லேண்டின் பெயரை மாமியாரிடம் கேளுங்கள். டவுன்லேண்ட் என்பது அங்கே நிலத்தின் மிகச் சிறிய பெயருள்ள பிரிவு. நாடு முழுவதும் 60,000க்கும் மேல் உள்ளன. 1851 கணக்கெடுப்பை ஒட்டித் தொகுக்கப்பட்ட டவுன்லேண்ட் அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் கவுண்டி, பாரனி எனப்படும் கவுண்டியின் உட்பிரிவு, பங்கு, நிவாரண ஒன்றியம் ஆகியவை வரிசையாகத் தரப்பட்டிருக்கும். பெயர் தெரிந்தால் பதிவு மாவட்டம் உறுதியாகிவிடும்.

பிப்ரவரி 6

டவுன்லேண்டின் பெயர் கிடைத்தது, அது பாலினஸ்லோ ஒன்றியத்தில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது மேரி கெல்லிகள் அளவுக்கு மீறி வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வியப்பில்லை. கால்வேயிலும் ராஸ்காமனிலும் கெல்லியைவிடப் பரவலான குடும்பப்பெயர் காண்பது அரிது. மேரி, பிரிட்ஜெட், பேட்ரிக், ஜான் ஆகிய பெயர்களோ வீட்டுக்கு வீடு உண்டு.

இங்கேதான் இறப்புப் பதிவின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இறந்த தேதியும் இடமும், பெயர், பால், மணமானவரா விதவையா என்ற நிலை, கடைசிப் பிறந்தநாளில் வயது, தொழில், இறப்பின் காரணமும் நோய் நீடித்த காலமும், தகவல் அளித்தவரின் கையொப்பமும் தகுதியும் இருப்பிடமும், பதிவு செய்த நாள், பதிவாளரின் கையொப்பம்: 19ஆம் நூற்றாண்டுப் பதிவில் இவ்வளவுதான் இருக்கும். பெற்றோர் பெயர் இல்லை. பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர் இல்லை. பிறந்த ஊர் இல்லை. அடக்கம் செய்த இடமும் இல்லை. பெற்றோர் பெயரைக் கேட்கும் வழக்கம் அயர்லாந்தில் 21ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

ஆகையால் இறந்தவரின் பெயரைக் கொண்டு பதிவைத் தேடிப் பிடிக்கலாம், ஆனால் அந்தப் பெயரை மட்டும் கொண்டு அவர் நம்மவர் என்று நிறுவ முடியாது. நிறுவுவது தகவல் அளித்தவரின் பெயர்தான். படுக்கையருகே இருந்த மகனோ மருமகளோ அண்டை வீட்டாரோ சில நாள் கழித்துப் பதிவாளரிடம் போய்ச் சொன்னது அந்தப் பத்தியில் இருக்கும். "இறப்பின்போது உடனிருந்தவர்" என்ற தகுதியோடும் இருப்பிடத்தோடும் இருக்கும். என் மனைவியின் குடும்பம் லீட்ரிமைச் சேர்ந்தது. அவர்கள் பக்கத்தில் ஒரே டவுன்லேண்டில், ஒரே பெயரில், வயதும் அருகருகே அமைந்த இரண்டு விவசாயிகளின் இறப்புகள் வந்தபோது, எங்களை நெடுநாள் தடுத்து நிறுத்திய அந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு மருமகளின் பெயர்தான். அவளுடைய திருமணப் பதிவு எங்களிடம் முன்பே இருந்தது. அதுவரை நாங்கள் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கடந்து போய்க்கொண்டிருந்தோம்.

எனவே முதலில் வீட்டில் இருந்தவர்களின் பட்டியலைச் செய்யுங்கள். 1901, 1911 கணக்கெடுப்புத் தாள்கள் முழுமையாகக் கிடைக்கின்றன, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதே டவுன்லேண்டில் 1901இல் எந்தக் கெல்லிகள் இருந்தார்கள், அவர்களுடைய மனைவியர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மேரி கெல்லியின் பதிவையும் திறந்து தகவல் அளித்தவரைப் பாருங்கள்.

பிப்ரவரி 7

முந்தைய குறிப்புக்கு ஒரு வரம்பு. இணையத்தில் நாம் பார்க்கும் படம், உள்ளூர்ப் பதிவாளரின் மூலப் பதிவேடு அன்று. காலாண்டுக்கு ஒருமுறை டப்ளினுக்கு அனுப்பப்பட்ட நகல். அதனால் தகவல் அளித்தவரின் கையொப்பம் போலத் தோன்றுவது எழுத்தரின் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் இட்ட பெருக்கல் குறியும் அப்படியே படியெடுக்கப்பட்டிருக்கும். படியெடுக்கும்போது ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் எழுத்துகள் மாறியிருக்கலாம். ஓ, மாக் போன்ற முன்னொட்டுகள் ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இராது. ஓகெல்லி என்றும் தேடிவிடுங்கள்.

பிப்ரவரி 7, மாலை

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாமியார் கணக்குப்படி அறுபத்தைந்து இருக்க வேண்டும், பதிவில் எண்பது என்றிருந்தால் விட்டுவிடலாமா என்பது கேள்வி. விட வேண்டாம். 1864க்கு முன் பிறந்த எவருக்கும் அரசுப் பிறப்புப் பதிவு கிடையாது. வயது என்பது வீட்டார் நினைவிலிருந்து சொன்ன எண், பெரும்பாலும் அறுபது, எழுபது, எண்பது என்று பத்துகளில் வந்து நிற்கும். இது எவ்வளவு தளர்வானது என்பதற்கு 1901, 1911 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டாலே போதும்: பத்தாண்டு இடைவெளியில் பதினைந்து வயது கூடிய முதியவர்களை வீட்டுக்கு வீடு காணலாம். இடையில் 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது, 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. பிறப்புச் சான்று இல்லாத அந்த முதியவர்களுக்காக அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டி வயதை உறுதி செய்தார்கள். தாள்கள் 1922இல் எரிந்துவிட்டாலும் அந்தத் தேடல் படிவங்கள் பிழைத்திருக்கின்றன, தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்கலாம். உங்கள் மேரி கெல்லி அதற்கு முன்பே போய்விட்டார். ஆனால் அவருடைய மூத்த பிள்ளைகள் ஓய்வூதியம் கேட்டிருந்தால், அவர்களுக்கான படிவத்தில் பெற்றோரின் பெயர்களும் அன்று வாழ்ந்த டவுன்லேண்டும் இருக்கும்.

பிப்ரவரி 10

"பெற்றோர் பெயரே இல்லாத பதிவு, இதைவிடப் பிறப்பும் திருமணமும் போதும்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வம்சாவளி மரத்தில் பெயர்களை மேல்நோக்கி அடுக்குவது மட்டுமே நோக்கம் என்றால் அவர் சொல்வது சரி. எனக்கு அது போதவில்லை.

1911 கணக்கெடுப்பில் மணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிருடன் இருப்போர் எத்தனை? ஒன்பது, ஆறு என்று ஒரு தாய் பதில் சொல்லியிருந்தால், அந்த மூன்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்க இறப்புப் பதிவைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. அவர்கள் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையே பிறந்து இறந்தவர்களாக இருக்கலாம். எந்தப் பட்டியலிலும் வராமல் போயிருக்கலாம். குழந்தையின் இறப்புப் பதிவில் தொழில் என்ற பத்தியில் "விவசாயியின் மகள்", "கூலித் தொழிலாளியின் பிள்ளை" என்று எழுதுவார்கள். தகவல் அளித்தவர் பெரும்பாலும் தாயோ தந்தையோதான். கக்குவான், தட்டம்மை, வலிப்பு, குறைப்பிரசவம் என்று காரணம் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் குழந்தையின் பெயர் தெரிய வந்தபோது, அவளுக்குப் பின் பிறந்த தங்கைக்கும் அதே பெயரை வைத்திருந்தது ஏன் என்று என் மனைவிக்கு முதன்முறையாகப் புரிந்தது. அந்தத் தங்கைதான் அவளுடைய பாட்டி.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைக் கோயில் கல்லறைகளில் அடக்கம் செய்யாமல், கில்லீன் எனப்படும் தனி இடங்களில் புதைத்தார்கள். அங்கே கல்வெட்டு இராது, கோயில் பதிவும் இராது. அரசுப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் அதுவே அந்தக் குழந்தை இருந்ததற்கான சான்று.

பிப்ரவரி 11

செலவு விவரம் கேட்டவருக்கு. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசு இணையதளத்தில் 1864 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான இறப்புப் பதிவுகளின் படங்கள் இலவசம். ஆண்டுதோறும் இன்னோர் ஆண்டு சேர்க்கப்படும். இன்று வடக்கு அயர்லாந்தாக இருக்கும் ஆறு கவுண்டிகளில் 1922க்கு முன் நிகழ்ந்த இறப்புகளும் அதில் உண்டு. அதற்குப் பிந்தைய வடக்கு அயர்லாந்துப் பதிவுகளுக்கு பெல்ஃபாஸ்டில் உள்ள பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் தளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்க வேண்டும். அங்கும் இறப்புகளுக்கு ஐம்பது ஆண்டு விதிதான். அண்மைக்கால இறப்புக்கு, தெற்கில் என்றால், ராஸ்காமன் நகரில் இருக்கும் பொதுப் பதிவாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். உறவினர் என்று நிரூபிக்கத் தேவையில்லை. சான்றிதழ் 20 யூரோ, ஆராய்ச்சிக்கான நகல் 5 யூரோ.

பிப்ரவரி 15

1864க்கு முன் இறந்தவர்களைப் பற்றி இன்னொருவர் கேட்கிறார். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நிலைமை கடினம். கத்தோலிக்கப் பங்குகள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைத்தன. அடக்கங்களைப் பல பங்குகள் எழுதவே இல்லை, எழுதியவை பெரும்பாலும் நாட்டின் வடபாதியில் இருக்கின்றன. தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் வெளியிட்ட பங்குப் பதிவேட்டுப் படங்களைப் பார்த்தால் இது தெரியும். பழைய கல்லறைத் தோட்டங்கள் அயர்லாந்துத் திருச்சபையின் பொறுப்பில் இருந்ததால், தப்பிய ஆங்கிலிக்கன் அடக்கப் பதிவேடுகளில் கத்தோலிக்கர் பெயர்களும் சில இடங்களில் காணப்படுகின்றன. 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இறப்புப் பதிவு என்று ஒன்றுமே இல்லை. பஞ்சம் ஓய்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த இருட்டில் ஒரு வழி, கிரிஃபித்தின் நில மதிப்பீட்டை, அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வரிக்காக எடுக்கப்பட்ட மதிப்பீட்டை, தொடர்ந்து எழுதப்பட்ட திருத்தப் புத்தகங்கள். நிலத்தைக் கைக்கொண்டிருந்தவர் மாறினால் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை, ஆண்டுக்கு ஆண்டு வேறு நிற மையில் எழுதினார்கள். கணவர் பெயர் அடிக்கப்பட்டு மனைவி பெயர் வந்தால் இடையில் அவர் இறந்திருக்கலாம். ஆனால் திருத்தம் சில ஆண்டுகள் தாமதமாகவும் வரும். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் என்றால் மாற்றமே தெரியாது.

பிப்ரவரி 16

சென்னையில் இறந்த ஐரிஷ் சிப்பாயின் பதிவை அயர்லாந்தில் தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து நண்பருக்கு: அது அங்கே இராது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவில் ஐரிஷ்காரர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். அந்தப் படைப்பிரிவின் வழி வந்ததே 1881இல் உருவான ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன். மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்கள் அனுப்பிய அடக்கப் பட்டியல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. அங்கே தொடங்குங்கள்.

பிப்ரவரி 18

தகவல் அளித்தவரே நிறுவுவார் என்று 6ஆம் தேதி எழுதியதை ஓர் இடத்தில் இறுக்கிப் பிடிக்க முடியாது. மேரி கெல்லியைத் தேடுபவரே, மற்றவர்களைக் கழித்த பின் உங்களிடம் எஞ்சியிருப்பதாக நீங்கள் எழுதிய இரண்டு பதிவுகளில் ஒன்று பாலினஸ்லோ ஒர்க்ஹவுஸில் நிகழ்ந்த இறப்பு. ஒர்க்ஹவுஸ், மனநலக் காப்பகம் ஆகியவற்றில் இறந்தவர்களுக்குத் தகவல் அளிப்பவர் அந்த நிறுவனத்தின் பணியாளர். குடும்பத்தார் பெயர் வராது. வயதும் அவர் கேள்விப்பட்ட எண்தான். முதுமையில் மருத்துவத்துக்காக மட்டும் ஒர்க்ஹவுஸ் மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு, அதனால் "நம் குடும்பம் நிலம் வைத்திருந்தது, அங்கே போயிருக்க மாட்டார்" என்று மாமியார் சொல்வதை மட்டும் கொண்டு அதை ஒதுக்க வேண்டாம்.

இங்கே கிளாஸ்கோ மகன் உதவுவார். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல் தொடங்கியது. அங்கே இறப்புப் பதிவில் தந்தை பெயர், அவர் தொழில், தாயின் பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் எல்லாம் கேட்பார்கள். பெற்றோர் அப்போது இறந்துவிட்டிருந்தால் அதையும் குறிப்பார்கள். திருமணப் பதிவிலும் இப்படியே. அயர்லாந்தில் இறந்த தாயின் பிறந்தவீட்டுப் பெயரை ஸ்காட்லாந்தில் இறந்த மகனின் பதிவிலிருந்து எடுக்கலாம். மகனின் திருமணம் 1880களில் நடந்திருந்தால், தாய் அந்த நாளில் உயிருடன் இருந்தாரா என்பதும் தெரியும், உங்கள் இரண்டு பதிவுகளில் ஒன்று விழுந்துவிடக்கூடும்.

பிப்ரவரி 24

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் சேர்த்துப் படித்தேன். கிளாஸ்கோவில் 1885இல் நடந்த திருமணப் பதிவில் தந்தைக்கு மட்டுமே இறந்தவர் என்ற குறிப்பு இருக்கிறது, தாய்க்கு இல்லை. ஒர்க்ஹவுஸ் இறப்பு 1883. இந்தக் குறிப்பை மணமகன் சொன்னதை வைத்தே எழுதியிருப்பார்கள், ஊரில் நடந்தது கடல் கடந்து எட்டாமல் போயிருக்கவும் கூடும் என்பதால் இது மட்டுமே முடிவாகாது. ஆனால் அதில் கிடைத்த தாயின் பிறந்தவீட்டுப் பெயரோடு பங்குப் பதிவேட்டில் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களைத் தேடி எடுத்திருக்கிறீர்கள். அவற்றில் ஒரு பிள்ளையின் பெயர்தான் 1886இல் வீட்டில் நிகழ்ந்த இறப்புக்குத் தகவல் அளித்த மகனின் பெயர், அதே டவுன்லேண்டு, 1901 கணக்கெடுப்பில் அதே வீட்டில் குடும்பத் தலைவர். இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்குகின்றன. என் கணிப்பில் உங்கள் மேரி கெல்லி இவர்தான்.

காரணப் பத்தியில் மூச்சுக்குழல் அழற்சி என்றும், சான்றளிக்கப்படவில்லை என்றும் இருப்பது அச்சப்படத்தக்கதன்று. மருத்துவர் பார்க்காமல் இறந்தவர்களுக்கு வீட்டார் சொன்ன காரணத்தை எழுதி அப்படிக் குறிப்பார்கள், கிராமப்புறப் பதிவுகளில் இது மிகச் சாதாரணம். அதனால் அந்த நோய்ப் பெயரைக் குடும்ப மருத்துவ வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படத்தைச் சேமிக்கும்போது பதிவு மாவட்டம், ஆண்டு, காலாண்டு, தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றையும் கூடவே எழுதி வையுங்கள். இணைய முகவரிகள் மாறும், இந்த எண்கள் மாறா. அடக்கம் செய்த இடம் பதிவில் இல்லை என்பதால் அடுத்து அதைத் தேட வேண்டும். உங்கள் டவுன்லேண்டுக்கு அருகிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தின் கல்வெட்டுகளை உள்ளூர் வரலாற்றுக் குழுவினர் யாரேனும் படியெடுத்திருக்கிறார்களா என்று பங்கு அலுவலகத்திலும் மாவட்ட நூலகத்திலும் கேளுங்கள். கேட்கும்போது கெல்லி என்ற பெயரோடு பிறந்தவீட்டுப் பெயரையும் சொல்லுங்கள், ஏனென்றால் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரைக் கல்லில் பொறித்த குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் உண்டு.